ஐந்தாம் அத்தியாயத்துடன் ஆரணியில் நான்கு நாள்

2003 ஆகஸ்ட் கடைசி வாரம், ஞாயிறு காலை 9.50. ஆரணிப் பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது என்னை அழைக்க யாரும் வந்திருக்கவில்லை. ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தவன் நான்தான் என்பதால் குறை சொல்ல வழியில்லை. கண்ணமங்கலத்தில் பேருந்தின் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. ஜாக்கியை யார் வண்டியில் வைத்திருக்க வேண்டும் என்று ஓட்டுநரும் நடத்துநரும் இருபது நிமிடம் வாதிட்டார்கள். அதன் பிறகுதான் சக்கரத்தைத் தொட்டார்கள். மலேசியாவில், எங்கள் ஈப்போவில் பேருந்து நின்றால் பயணிகள் சத்தமில்லாமல் கைப்பேசியை எடுப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி வேர்க்கடலை வாங்கினார்கள், நானும் வாங்கினேன்.

பின் இருக்கையில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நான் பிறந்த எஸ்டேட்டில் தெலுங்குக் குடும்பங்கள் இருந்ததால் எனக்குப் புரிந்தது. "பையை எப்படிக் கட்டிப்பிடித்திருக்கிறார் பார். பட்டு வாங்க வந்த ஆள், உள்ளே பணம்" என்றார் ஒருவர். "பணம் இருக்கிறவன் இந்தப் பஸ்ஸிலா வருவான்? ஜாதகமாக இருக்கும், மகளுக்கு மாப்பிள்ளை தேடி வந்திருக்கிறார்" என்றார் மற்றவர். பைக்குள் இருந்தது என் கையெழுத்துப் பிரதி. ஐந்து அத்தியாயங்கள், நான்கு வருட உழைப்பு.

நான் முப்பத்தொரு வருடம் பேராக் மாநில நில அலுவலகத்தில் பதிவேட்டு எழுத்தராக இருந்தவன். ரப்பர் மரம் சீவியவரின் மகன். பெயர் சூசைநாதன். ஓய்வுபெற்ற பிறகு எனக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. முதல் நூற்றாண்டில் இயேசுவின் பின்னால் போனவர்கள் யார்? நிலத்தில் உழைத்த குடியானவர்களா, ஊருக்கு ஊர் போய்க் கைவேலை செய்தவர்களா, நகரத்துச் சிறு வியாபாரிகளா? வரலாறு முறையாகப் படித்தவர்கள் இதைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதியிருக்கிறார்கள். நான் முறையாகப் படித்தவன் அல்ல. ஆனால் பழைய பதிவேட்டில் ஒரு தேதி தவறாக இருந்தால் பக்கத்தைத் திறந்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். அந்தத் திறமையை நம்பித்தான் இறங்கினேன்.

இதே கேள்வியை ஆரணியில் மூன்று பேர் மாதந்தோறும் கூடிப் பேசுகிறார்கள் என்று மின்னஞ்சல் வழியாக அறிந்தபோது நான் நம்பவில்லை. கூட்டம் நடப்பது ஏகாம்பரம் வீட்டில். அவர் பட்டு நெசவாளர். பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கில வரலாற்று நூலை எடுத்து, அகராதி வைத்துப் படிக்கத் தொடங்கியவர். இரண்டாமவர் ரெஜினா டீச்சர், கண்ணமங்கலத்துக்காரர். கூட்டக் குறிப்புகளைப் பிரௌசிங் சென்டரில் தட்டச்சு செய்து எனக்கு அனுப்புபவர் அவர்தான். மூன்றாமவர் முனிரத்தினம், பெரணமல்லூர்ப் பக்கம் கடலையும் நெல்லும் பயிரிடுபவர். நான் கடிதம் மூலம் நான்காவது ஆளானேன். நாற்பது குறிப்புகள் வந்திருக்கின்றன. நாற்பதையும் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

என் புத்தகத்தை ஈப்போவில் அச்சுக்காரர் வெள்ளிக்கிழமை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் இந்த மூன்று பேரும் ஒப்புதல் தந்ததாக ஒரு வரி வேண்டும் என்பது என் ஆசை. வேறு யாருடைய ஒப்புதலை நான் கேட்பேன்? எங்கள் தேவாலயத்துப் பங்குச் சாமியார் பிரதியை வாங்கி, நன்றி சொல்லி, மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். உலகத்தில் இதைக் கடைசிவரை படித்தவர்கள் இந்த மூவர் மட்டுமே. நான்கு அத்தியாயங்களுக்குச் சம்மதம் வந்துவிட்டது. ஐந்தாவதற்கு ஏகாம்பரம் எழுதியது ஒரே வரி: "இதை நேரில் பேச வேண்டும்." அதனால் வந்தேன். ஞாயிறு கூட்டம், புதன் இரவு சென்னையில் விமானம். நடுவில் இரண்டு நாள் ஊர் பார்க்கலாம் என்பது என் திட்டம்.

லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு, வழி கேட்டு, 10.45க்கு ஏகாம்பரத்தின் தெருவுக்குள் நுழைந்தேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் இப்படியா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை நான் பிடித்து வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

ஏகாம்பரம் குழித்தறியில் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கால்கள் குழிக்குள் மிதியை மிதிக்க, கை நூலோட்டும் நாடாவை வீச, முகம் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

"வாங்க மலேசியா சார்! இன்னா, இவ்ளோ ஜல்தியா வந்துட்டீங்க? நாஷ்டா ஆச்சா?"

"கூட்டம் எத்தனை மணிக்கு?" என்றேன்.

"எந்தக் கூட்டம்?"

"இன்றைய கூட்டம். ஞாயிறு வருகிறேன் என்று எழுதியிருந்தேனே."

நாடா நின்றது. உள்ளேயிருந்து அவர் மனைவி அம்சா சொம்புத் தண்ணீருடன் வந்தார். அவரும் நெசவாளர்தான், பக்கத்துத் தறி அவருடையது. "ஞாயித்துக்கெழம இஸ்கூலுக்குத்தாங்க லீவு. தறிக்கு ஏது லீவு? எங்களுக்கு அமாவாசைதான். அன்னிக்கு ஒருத்தரும் தறியில எறங்க மாட்டோம்" என்றார்.

"கூட்டமும் அமாவாசைக்குத்தான் சார்," என்றார் ஏகாம்பரம். "புதங்கெழம. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நாப்பது குறிப்பு வச்சிருக்கீங்களே."

நாற்பது குறிப்புகள். எல்லாவற்றின் தலையிலும் ரெஜினா டீச்சர் ஆங்கிலத் தேதி போட்டிருந்தார். தேதிகளுக்கு நடுவே இருபத்தொன்பது நாள், முப்பது நாள், மறுபடி இருபத்தொன்பது. நில அலுவலகத்தில் யாராவது இப்படிக் கவனிக்காமல் விட்டிருந்தால் நான் அவரை மன்னித்திருக்க மாட்டேன். மாதக் கூட்டம் என்றால் ஏதோ ஒரு ஞாயிறு என்று என் மூளை தானாகவே எழுதிக்கொண்டுவிட்டது, கோப்பைத் திறந்து சரிபார்க்கவே இல்லை.

"புதன் இரவு எனக்கு விமானம்," என்றேன்.

"படையல் முடிஞ்சி, சாப்ட்டு, ரெண்டரைக்கு உக்காந்தா நாலரை பஸ்ஸப் புடிச்சிடலாம். பேஜாராவாதீங்க."

"அதுவரை நாம் இரண்டு பேரும் ஐந்தாம் அத்தியாயத்தை..."

"அது மட்டும் கூடாது சார்." நாடா மறுபடி ஓடத் தொடங்கியது. கூட்டத்துக்கு வெளியே கூட்டத்தின் விஷயத்தைப் பேசுவதில்லை என்பது இவர்களின் கட்டுப்பாடு. ஒருமுறை முனிரத்தினமும் ஏகாம்பரமும் பேருந்து நிலையத்தில் நின்றபடியே இயேசு வாழ்ந்த கலிலேயாவைப் பற்றிச் சண்டை போட்டு, எட்டு மாதம் பேசாமல் இருந்தார்களாம். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. இன்னொன்றும் உண்டு. யாருடைய கட்டுரை விவாதிக்கப்படுகிறதோ அவர்தான் அன்றைய குறிப்பை எழுத வேண்டும். "அடி வாங்குனவரே எழுதினா யாரும் மாத்தி எழுதிட்டாங்கன்னு சொல்ல முடியாதில்ல?" என்றார் ஏகாம்பரம்.

திங்கட்கிழமையை எப்படிக் கழித்தேன் என்பதை விரிவாக எழுத ஒன்றுமில்லை. காலை 6.30க்கு இட்லி, வடகறி. வடகறியைப் பற்றி மட்டும் எழுதலாம். நேற்றைய வடையை இன்றைய குழம்பில் போடுகிறார்கள் என்று நினைத்து முகம் சுளித்தேன், பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். கோட்டை மைதானத்தை மூன்று சுற்று நடந்தேன். அரிசி மண்டிகளைப் பார்த்தேன். ஒரு பட்டுக் கடையில், வாங்கும் எண்ணமில்லாமல், நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். அவர்கள் அலுக்காமல் இருபது சேலைகளை விரித்துக் காட்டினார்கள். எனக்குத்தான் அலுப்பு. கையில் ஐந்தாம் அத்தியாயம் கனத்தது. மாலை மழை கொட்டியது. எங்கள் பேராக்கின் தைப்பிங்கில் பெய்வது போலவே பெருமழைதான், ஆனால் அரை மணியில் நின்றுவிட்டது. ஏகாம்பரம் வீட்டுக்குப் போனால், தறிக் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடாமல் அம்சா சாக்குப் போட்டு உமி கொட்டிக்கொண்டிருந்தார். பேச யாருக்கும் நேரமில்லை.

செவ்வாயன்று ஒரு குறுக்குவழி தோன்றியது. முனிரத்தினம் குடியானவர். என் அத்தியாயம் குடியானவர்களுக்காக வாதாடுவது. அவரை முன்கூட்டியே பார்த்து ஆதரவு திரட்டினால் என்ன? கட்டுப்பாட்டை மீறுவது தவறுதான், ஆனால் ஈப்போ அச்சுக்காரர் காத்திருந்தார்.

காலை 8.15க்குப் பெரணமல்லூர்ப் பேருந்து என்று ஏறியது செய்யாற்றுக்குப் போகும் பேருந்து. நடத்துநரிடம் ஊர்ப் பெயரைச் சரியாகத்தான் சொன்னேன். அவர் சில்லறை இல்லை என்ற கவலையில் கேட்கவில்லை, நானும் சீட்டைப் படிக்கவில்லை. செய்யாற்றில் இறங்கி, தேநீர் குடித்து, அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம் நின்றேன். முனிரத்தினத்தின் நிலத்தை அடைந்தபோது மணி 12.20.

அவர் கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மோட்டார்க் கொட்டகை நிழலில் உட்காரவைத்து, கேழ்வரகுக் கூழும் பச்சை வெங்காயமும் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கட்சி சேக்கத்தானே வந்தீங்க?" என்று சிரித்தார்.

"ஊர் பார்க்க வந்தேன்," என்றேன்.

"பாருங்க பாருங்க. நல்லாப் பாருங்க. ஆனா அஞ்சாவது பத்தி நாளைக்குத்தான்."

நான் வேறு வழியில் கேட்டேன். "உங்களுக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு?"

"ஓய்வா?" அவர் மோட்டாரைக் காட்டினார். "கரண்டு மூணு மணிக்கி வரும்னு சொல்லிக்கீறான். வந்தா தண்ணி கட்டணும். நாளைக்கு நான் கூட்டத்துக்கு வந்தா என் சம்சாரம் மடை திருப்புவா. எனக்கு எந்தக் கெழமையும் லீவு இல்லீங்க, எந்தக் கெழம வேணும்னாலும் லீவு. பயிர் வுட்டாப் போலாம்."

என் அத்தியாயத்தின் தலைப்பு 'ஞாயிறும் உழவரும்'. கூழ் பாதியிருக்கப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். ஊர் திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

புதன். தெரு முழுக்கச் சத்தமில்லை. மூன்று நாள் கேட்ட தறிச் சத்தம் நின்றபோதுதான் அது என் காதில் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். லாட்ஜைக் காலி செய்து, பெட்டியுடனே 1.10க்கு ஏகாம்பரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாழைக்காய், அவரைக்காய், வடை, பாயசம். வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார். நான் மணி பார்த்துக்கொண்டே சாப்பிட்டதைக் கவனித்த அம்சா, "கடியாரத்தக் கழட்டி வச்சிட்டு ரெண்டு வாய் சாப்பிடுங்க. பஸ் உங்கள வுட்டுட்டுப் போனா அடுத்த அமாவாசை வரைக்கும் இங்கியே இருங்க" என்றார்.

2.40க்கு ரெஜினா டீச்சர் வந்தார், பள்ளியில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு. "என் கேஷுவல் லீவுல பாதி ரோமாபுரிக்கே போவுதுங்க. ஹெட்மாஸ்டர் கேட்டா எந்த ஒறவுக்காரருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்றது?" பின்னாலேயே முனிரத்தினம். பாய் விரித்தோம். தறிக்குப் பக்கத்தில்தான் இடம், பாவு நூல்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

என் வாதத்தைப் பத்து நிமிடத்தில் சொன்னேன். முதல் கிறிஸ்தவர்கள் வாரத்தின் முதல் நாளில் கூடினார்கள். உழைக்கிறவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் ஊர்கூடிச் சேர வேண்டுமென்றால் அது அவர்களுக்கு வேலையில்லாத நாளாக இருக்க வேண்டும். ஆகவே அந்த நாள் கிராமத்தாரின் ஓய்வுநாள், கூடியவர்கள் குடியானவர்கள். இதை இருபத்து மூன்று பக்கத்தில் எழுதியிருந்தேன்.

முனிரத்தினம்தான் முதலில் பேசினார், என் பக்கம் இல்லை. "இயேசு சொன்ன அந்த விதைக்கிறவன் கதையவே எடுத்துக்கங்க. வழியில கொஞ்சம் வுழுந்துச்சு, பாறையில கொஞ்சம் வுழுந்துச்சு, முள்ளுல கொஞ்சம். எந்தக் குடியானவன் இப்டி விதைப்பான்? ஒரு கடலை கீழ வுழுந்தாக் குனிஞ்சி பொறுக்குவோம். இத்தச் சொன்னவரு தூர நின்னு பாத்தவரு. அவரு தச்சரு, வயக்காட்டுக்காரரு இல்ல."

"அங்க மொதல்ல தூவிட்டு அப்பால ஏர் ஓட்டுவாங்கன்னு எழுதிக்கீறாங்களே முனி," என்றார் ரெஜினா. "உழுவாத நெலத்துல எது வழி, எது பாறைன்னு தெரியாது. வெதைக்கிறவனுக்கே தெரியாது."

"தெரியாதா? இருபது வருசம் உழுத நெலத்துல பாறை எங்கன்னு தெரியாதவன் எதுக்கு உழுவணும்? கடை வெக்கலாம்."

"நீ சொல்றது கடலைக்கு. அது கோதும."

"கோதும இன்னா, பறந்து போயி வுழுமா?"

3.25. ஏகாம்பரம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்," என்றார் கடைசியில். "அந்தக் காலத்துல ஞாயிறு யாருக்கு லீவு?"

யூதர்களுக்குச் சனி. மற்றவர்களுக்கு வார ஓய்வு என்று ஒன்றே இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஞாயிறை ஓய்வாக்கியபோதுகூட நகரத்தாருக்கும் கைவினைஞருக்கும்தான் ஆக்கினான். வயல் வேலை நிற்கக்கூடாது என்று உழவர்களுக்கு விலக்குக் கொடுத்தான். அதையும் என் குறிப்பேட்டில் ஆண்டோடு எழுதி வைத்திருந்தேன். அத்தியாயத்துக்குள் மட்டும் வரவில்லை.

"வேல நாள்லதான் கூடிக்கீறாங்க," என்றார் ஏகாம்பரம். "விடியறதுக்கு மின்னாடி கூடினாங்கன்னு ஒரு ரோமாபுரி கவர்னரு மேலிடத்துக்கு எழுதினத நாம படிச்சமே, ஏன் விடியறதுக்கு மின்னாடி? விடிஞ்சா வேலைக்குப் போவணும். லீவு நாளா இருந்தா பொறுமையாக் கூடியிருப்பாங்க."

"அப்படியானால் அவர்கள் கைவினைஞர்கள் என்கிறீர்கள்," என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"அதையும் சொல்லல சார். அடிமைங்களா இருக்கலாம், குடியானவங்களா இருக்கலாம், எங்கள மாரி ஆளுங்களா இருக்கலாம். எனக்குத் தெரியாது. நீங்க காட்டுன சாட்சிய வச்சி சொல்ல முடியாதுன்றேன்."

"குடியானவனும் விடியறதுக்கு மின்னாடி எழுந்துக்கிறவன்தாம்பா," என்று முனிரத்தினம் இடையில் புகுந்தார், இப்போது என் பக்கம். "அத்த வுட்டுட்டு எழுதாதீங்க."

நான் விடவில்லை. ஓய்வு நாள் இல்லாமல் ஏழைகள் கூட முடியாது, இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தேன் என்றேன். எங்கள் எஸ்டேட்டில் ஆறு நாள் மரம் சீவிவிட்டு ஏழாம் நாள் என் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு எங்களை மாதா கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போவார். அந்த ஒரு நாள்தான் அவருடைய நாள். கோயிலில் முன் வரிசையில் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணிமார்கள், பின் வரிசையில் நாங்கள். ஆனாலும் அந்த மதம் பின் வரிசைக்காரர்களால் தொடங்கப்பட்டது என்று எனக்கு எட்டு வயதிலேயே தோன்றியது. அதை நிரூபிக்கத்தான் இவ்வளவும்.

இதைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை. குறிப்பில் எழுதும்படியான பேச்சும் அல்ல.

காப்பித் தம்ளர்களை வைத்துக்கொண்டிருந்த அம்சா நிமிர்ந்தார். "உங்கப்பாவுக்கு ஞாயித்துக்கெழம லீவு யாருங்க குடுத்தது?"

"துரை," என்றேன்.

அம்சா ஒன்றும் கெட்டிக்காரத்தனமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எங்களுக்கு யாரும் குடுக்கலீங்க. நாங்களே எடுத்துக்கினோம்" என்று சொல்லிவிட்டுப் காலித் தட்டுடன் உள்ளே போனார்.

என் அப்பாவின் நாள் என்று நான் ஐம்பது வருடமாக வைத்திருந்தது துரையின் நாள். அதை இரண்டாயிரம் வருடம் பின்னால் கொண்டுபோய், கலிலேயாக் குடியானவர் கையில் கொடுத்து, அவர்களுடையது என்று இருபத்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். ஆரணி நெசவாளருக்கும் அதையே கொடுத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினேன்.

4.05. "அஞ்சாவத எடுத்துடறீங்களா சார்?" என்று ரெஜினா மெதுவாகக் கேட்டார்.

எடுத்தால் புத்தகத்துக்கு முடிவே இல்லை. முதல் நான்கு அத்தியாயங்களும் அந்த ஐந்தாவதை நோக்கித்தான் நடந்தன. அச்சுக்காரரிடம் என்ன சொல்வது? எடுக்காவிட்டால், முதல் பக்கத்தில் இவர்கள் பெயரில்லாமல், யாரும் படிக்காத ஒரு முழுப் புத்தகம்.

"எடுக்கிறேன்," என்றேன்.

"அப்போ நாலு அத்தியாயத்துக்கு எங்க மூணு பேரு பேரையும் போட்டுக்கங்க," என்றார் ஏகாம்பரம். "இப்போ குறிப்பு எழுதுங்க. உங்க கட்டுர, உங்க கை."

முனிரத்தினம் எழுந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "நான் போயி ரோட்டு மேல பஸ்ஸ நிறுத்தறேன். டிரைவரு தெரிஞ்சவரு, ரெண்டு நிமிசம் நிப்பாரு. மூணாவது நிமிசம் என்னைத்தான் திட்டுவாரு. சுருக்கா எழுதுங்க."

நீளமான கோடு போட்ட நோட்டு. பழைய குறிப்புகளில் மூவருடைய கையெழுத்தும் மாறி மாறி இருந்தது, அவரவர் தோற்ற நாளில் அவரவர் எழுதியது. நான் எழுதினேன்: ஐந்தாம் அத்தியாயம் விவாதிக்கப்பட்டது. அதன் சாட்சி போதாது என்று கூட்டம் கருதியது. ஆசிரியர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விடியுமுன் எழுபவர்களில் குடியானவரும் உண்டு என்பதை முனிரத்தினம் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். கூட்டம் முடிந்தது 4.22.

கடைசி வரி ஒன்று பாக்கி இருந்தது. நோட்டில் ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அடுத்த கூட்டத்தின் தேதி இருந்தது, ரெஜினா தட்டச்சு செய்து அனுப்பியவற்றில் இந்த வரி வந்ததே இல்லை. என் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த நாட்குறிப்புக்குப் போனது. வெளியே பேருந்தின் ஹாரன் கேட்டது, முனிரத்தினம் யாரையோ சமாதானப்படுத்தும் குரலும் கேட்டது. நாட்குறிப்பை எடுக்காமல், 'அடுத்த அமாவாசை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரெஜினா எட்டிப் பார்த்தார். "தேதி போடலியே சார்?"

"வேண்டாம்," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.